ஆதுலர்சாலையின் இரவு விளக்கு

பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் வந்து கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராசேந்திர சோழர் (கி.பி. 1063–1070) காலத்து நெடிய கல்வெட்டொன்று உண்டு. கல்வெட்டில் நாட்டமுள்ள வாசக அன்பர்கள் அதனை அறிந்திருப்பார்கள். வேதமும் இலக்கணமும் கற்பித்த ஒரு கல்லூரி, மாணவர் தங்கும் விடுதி, பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலை ஆகிய மூன்றுக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவை அது கணக்கிட்டுச் சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து அடுவோர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லும் காசும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும் உள்ளன.

இக்கல்வெட்டைக் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் அறுவை மருத்துவரையும் மருந்துப் பட்டியலையும் எடுத்துக்காட்டிப் பெருமிதம் கொள்வர். அப்பெருமிதத்தில் எங்களுக்கும் பங்குண்டு. ஆயினும் எங்களை வெகுநேரம் நிறுத்தி வைத்தது மிக எளிய ஒரு செலவினம். ஆதுலர்சாலையில் இரவில் எரியும் ஒரு விளக்குக்கு, ஆண்டு முழுமைக்கும் வேண்டிய எண்ணெய்.

அந்த எண்ணெய்க் கணக்கில் நோயாளரின் எண்ணிக்கை இல்லை. பதினைந்து படுக்கைகளும் நிறைந்திருந்தாலும் எரியும். பதினைந்தும் வெறுமையாய்க் கிடந்தாலும் எரியும். யாரேனும் வரக்கூடும் என்பதற்காக எரியும் விளக்கு அது. மருத்துவரின் நெல்லும் அவ்வாறே. எத்தனை பேரைக் குணப்படுத்தினார் என்று எண்ணி அளக்கப்படவில்லை. அங்கே இருப்பதற்காக அளக்கப்பட்டது. ‘நிவந்தம்’ என்ற சொல்லின் முழுப்பொருளும் இதில் அடங்கிவிடுகிறது. தேவை எழுவதற்கு முன்பே, தேவை எழாத நாட்களுக்கும் சேர்த்து, நிலையாக ஒதுக்கிவைக்கும் பொருளே நிவந்தம்.

ஒன்றை இங்கே மறவாமல் சொல்லிவிட வேண்டும். திருமுக்கூடல் ஆதுலர்சாலை கோயில் பணியாளருக்கும் கல்லூரி மாணவருக்கும் உரியது. வழியில் அடிபட்டு வீழ்ந்த எவரையும் தூக்கிவந்து கிடத்தும் பொது மருத்துவமனை அன்று அது. சோழர் காலத்திலேயே எல்லாம் இருந்தது என்று முழங்குவது எங்கள் நோக்கமுமன்று. எத்தகைய செலவுக்கு எவ்வாறு பொருள் ஒதுக்குவது என்ற அறிவு அக்கணக்கில் இருக்கிறது. அதுவே இன்று நமக்கு வேண்டியது.

இதனை நாங்கள் இவ்வளவு எண்ணிப் பார்ப்பதற்குக் கல்வெட்டு மட்டும் காரணமன்று. கல்வெட்டைத் தேடிப் போகும் சாலைகளும் காரணம்.

ஞாயிறுதோறும் இல்லாவிடினும் மாதம் ஒருமுறையேனும் ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆறேழு பேராகக் கிளம்புவது எங்கள் வழக்கம். 2014ஆம் ஆண்டில் அவ்வாறு சென்று இருட்டியபின் திரும்பிக்கொண்டிருந்தபோது, நெடுஞ்சாலையோரத்தில் இருசக்கர வாகனம் ஒன்று சிதைந்து கிடந்தது. சற்றுத் தள்ளி அதனை ஓட்டிவந்த இளைஞர் கிடந்தார். கட்டட வேலை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர். நினைவு இருந்தது, பெயர் சொன்னார், வயிறு வலிக்கிறது என்றார். மோதிய வண்டி நிற்கவில்லை.

108-க்கு அழைத்தோம். கால் மணி நேரத்துக்குள் ஊர்தி வந்துவிட்டது. அதில் வந்த பணியாளர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல இயலாது. கழுத்துக்கு அணைகட்டி, உயிர்வளி கொடுத்து, பதறாமல் பேசிக்கொண்டே ஏற்றினார். நாங்கள் வேனில் பின்தொடர்ந்தோம். அருகிலிருந்த அரசு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவரே இருந்தார். ஒரே கூடத்தில் காய்ச்சல் குழந்தைகளையும் பாம்புக்கடி ஒன்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், ஓடிவந்து நரம்பில் ஊசியேற்றி உப்புநீர் செலுத்தினார். இரவில் அறுவை மருத்துவர் இல்லை. மயக்க மருந்து கொடுப்பவர் இல்லை. குருதி வங்கி இல்லை. கடிதம் எழுதிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். வழியில் இளைஞரின் நாடி தளரவே, ஒரு தனியார் மருத்துவமனையில் ஊர்தி நின்றது. அங்கே முன்பணம் கேட்டார்கள். எங்கள் பைகளில் இருந்ததைத் திரட்டியும் அவர்கள் சொன்ன தொகை சேரவில்லை. பேச்சிலேயே அரைமணி நேரம் போயிற்று. பெரிய மருத்துவமனையின் வாயிலை அடைந்தபோது, அடிபட்டு மூன்றரை மணி நேரம் கடந்திருந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் குருதி நிறைந்துவிட்டது என்றார்கள். அறுவையும் செய்தார்கள். மறுநாள் நண்பகலில் அவர் இறந்துபோனார்.

விடியலில் வந்துசேர்ந்த அவருடைய தந்தை எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: “மூணு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களே சார், அப்புறமும் ஏன் சார்?”

அவ்வினாவை எங்கள் குழுவில் எவரும் இன்றுவரை மறக்கவில்லை. முன்பணம் கேட்டவர்களை நீக்கிவிட்டால், அந்த இரவில் எவர்மீதும் குற்றம் சாட்ட இயலவில்லை. ஊர்தி வந்தது. பணியாளர் முயன்றார். மருத்துவர் தம்மால் ஆனதைச் செய்தார். அறுவையும் நடந்தது. அவரவர் இடத்தில் அவரவர் கடமையைச் செய்தும், இடையில் இருக்க வேண்டியவர்கள் இல்லாமையால் ஓர் உயிர் போயிற்று. இருந்தவர்களின் பிழையை விட இல்லாதவர்களின் வெற்றிடம் பெரிது.

அடிபட்டவரின் உடலுக்குள் நிகழ்வதை அறிந்தால் இவ்வெற்றிடத்தின் பொருள் விளங்கும். விபத்தில் அடிபட்டுப் பின்னர் மாண்டுபோவோரில் பெரும்பகுதியினர் குருதியிழப்பாலோ தலைக்காயத்தாலோ மாண்டுபோகின்றனர். குருதி உள்ளே கசிந்துகொண்டிருக்கும்போது உப்புநீர் ஏற்றுவது ஓட்டைக் குடத்தை நிரப்புவதை ஒக்கும். ஓட்டையை அடைக்கக் கத்தி எடுக்கத் தெரிந்த கை வேண்டும்; இழந்ததை ஈடுசெய்யக் குருதி வேண்டும்; இரண்டும் விரைவில் வேண்டும். குருதியுறைவைக் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்தை, 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரிடம் ஆய்ந்து ‘கிராஷ்-2’ என்ற ஆய்வின் முடிவை 2010இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் மருந்து உயிர் காக்கிறது. அதற்குப் பிந்தினால் பயனில்லை, தீங்கும் விளையக்கூடும் என்று தெரிந்தது. மருந்தின் விலை சொற்பம். மூன்று மணி நேரத்துக்குள் அதனைச் செலுத்த விழித்திருக்கும் ஒருவரின் கூலிதான் பெருஞ்செலவு.

அச்செலவு யாருடையது? நீதிமன்றங்கள் இதனை முன்பே எடுத்துரைத்துள்ளன. அடிபட்டவரை முதலில் காப்பாற்றுவதே அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு மருத்துவரின் கடமை. காவல்துறை நடைமுறைகள் அதற்குத் தடையாகா என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1996ஆம் ஆண்டின் தீர்ப்பு இன்னும் ஒருபடி மேலே சென்றது. மேற்கு வங்கத்தில் 1992இல் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு வேளாண் தொழிலாளியை, அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக இடமில்லை என்றும் வசதியில்லை என்றும் திருப்பியனுப்பின. இறுதியில் தனியார் மருத்துவமனையில் ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவிட்டு அவர் பிழைத்தார். அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், உயிர் காக்கும் கடமையிலிருந்து தப்பிக்க நிதிப் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்ட அரசுக்கு இயலாது என்று தெளிவாக்கியது. கடமை அரசுடையது, ஆகவே செலவும் அரசுடையது, அதாவது வரி செலுத்தும் நம் எல்லோருடையது.

தமிழ்நாடு இதில் நெடுந்தொலைவு வந்திருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்ய வேண்டும். 2008 செப்டம்பரில் 108 சேவை இங்கே தொடங்கியது. அழைப்பவர் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. செலவை அரசு ஏற்கிறது. 2017-18 அளவில் விபத்து, அவசர சிகிச்சைக்கான தனித்திட்டம் உருப்பெற்றது. அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுகள் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரிக்கப்பட்டு, வரிசையில் முன்னால் நிற்பவரை விட்டு உயிருக்குப் போராடுபவரை முதலில் பார்க்கும் முறை வேரூன்றியது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை. தொடங்கியபோது 201 அரசு மருத்துவமனைகளும் 408 தனியார் மருத்துவமனைகளும் அதில் இருந்தன. ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அரசு செலுத்தும் என்று வகுக்கப்பட்டது. அடிபட்டவர் தமிழ்நாட்டவராய் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த மாநிலத்தவராயினும், எந்த நாட்டவராயினும் இந்நிலத்தின் சாலையில் வீழ்ந்தவர் என்பதே தகுதி. புறநானூறு படித்த நெஞ்சத்துக்கு நிறைவளிக்கும் விதி இது.

அதன் பயனை நாங்கள் நேரிலும் கண்டோம். எங்கள் குழுவின் மூத்தவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ‘ஐயா’ என்றே அழைப்போம். 2023இல் சாலையைக் கடக்கும்போது மகிழுந்து மோதி இடுப்பெலும்பு முறிந்தது. பகற்பொழுது, நகருக்கு அருகே. அரசு மருத்துவமனையின் சிவப்புப் பிரிவில் அவரைச் சூழ்ந்து நின்ற நால்வரில் ஒருவர்கூடப் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. முன்பணம் கேட்டு நின்ற ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய இரவை அறிந்த எங்களுக்கு அது சிறிய மாற்றமன்று. ஐயா இப்போது ஊன்றுகோலோடு எங்களுடன் வருகிறார். மேலே உள்ள எழுத்துகளை அவருக்கு நாங்கள் படித்துச் சொல்கிறோம். பிழையாய்ப் படித்தால் திருத்துகிறார்.

ஆனால் அவருக்கு அடிபட்டது பகலில், நகருக்கு அருகில் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது. அதே மோதல் இரவு இரண்டு மணிக்கு, நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் நடந்திருந்தால்? சிகிச்சைக்கான பணம் அப்போதும் ஆயத்தமாக இருந்திருக்கும். அப்பணத்தைப் பெற்றுக்கொண்டு வயிற்றைத் திறக்கும் கை அங்கே இருந்திருக்குமா?

எங்கள் கவலை முழுவதும் இவ்விடத்தில்தான் நிற்கிறது. நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று வழங்கும் நிதி, நோயாளி வந்தபின் பிறக்கும் நிதி. நடுவண் அரசின் திட்டமும் இவ்வகையே. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், அடிபட்டபின் முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என வரையறுத்து, அந்நேரத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை தரத் திட்டம் வகுக்கச் சொன்னது. திட்டம் வரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்துக் கெடு விதித்தபின், அவ்வாண்டு மே 5 அன்று அறிவிக்கை வந்தது: ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாட்களுக்கு. ஒரு மணி நேரத்தைப் பொன் என்று சொன்ன சட்டம் செயலுக்கு வர ஆறாண்டுகள் ஆயின. ஆயினும் வந்ததை வரவேற்கிறோம். முன்பணம் கேட்டு வாயிலில் நிறுத்தும் கொடுமைக்கு இத்தகைய திட்டங்களே மருந்து.

ஆனால் ஆள் இல்லாமைக்கு அவை மருந்தாகா. தலைக்கு இவ்வளவு என்று பணம் வருமானால், தலைகள் மிகுதியாக வரும் இடத்தில்தான் மருத்துவமனை எழும். நகரங்களின் விளிம்பில் புதிய கட்டடங்கள் பெருகும். வாரத்துக்கு இருவர் மட்டுமே பேரடி பட்டு வரும் நெடுஞ்சாலைப் பகுதியில், அவ்விருவருக்காக அறுவை மருத்துவரையும் மயக்க மருந்து மருத்துவரையும் குருதி வங்கிப் பணியாளரையும் ஏழு இரவுகளும் விழிக்கவைக்க எந்தத் தனியார் கணக்கும் ஒத்துக்கொள்ளாது. அவ்விடத்தில் அரசுதான் விளக்கேற்ற வேண்டும். அதுவும் நோயாளர் எண்ணிக்கையைப் பாராமல் ஏற்ற வேண்டும்.

வெறும் படுக்கைக்கும் வேலையின்றி அமர்ந்திருக்கும் மருத்துவருக்கும் மக்கள் பணத்தைச் செலவிடுவது வீணன்றோ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. பல துறைகளுக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் தீயணைப்பு நிலையத்திடம் இம்மாதம் ஏன் தீப்பிடிக்கவில்லை என்று நாம் கேட்பதில்லை. வண்டி கழுவித் துடைத்து நிற்பதைக் கண்டு வீண்செலவு என்று நினைப்பதுமில்லை. அது நிற்பதே அதன் பணி. விபத்துச் சிகிச்சையில் மட்டும் காத்திருப்பைச் செலவாகவும், ஓட்டத்தைப் பணியாகவும் கருதுகிறோம். ஊர்திகளை வாங்கிக் கொடியசைத்து அனுப்புவது எளிதாக இருப்பதும், இரவுப் பணியிடங்களை நிரப்புவது கடினமாக இருப்பதும் இப்பார்வையின் விளைவே.

காத்திருப்புக்கென்றே நிலையான வருவாய் அமைத்த இடம் இக்காலத்தில் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. பொன்னான மணி நேரம் என்ற கருத்தைப் பரப்பியவராக அறியப்படும் ஆர். ஆடம்ஸ் கௌலி என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றிய மாநிலம் அது. அங்கே வாகனப் பதிவுக் கட்டணத்தோடு ஒரு சிறு மேல்வரி பெறப்படுகிறது. 1990களிலிருந்து அது தனி நிதியாகச் சேர்க்கப்பட்டு வருகிறது. நோயாளரை ஏற்றிவரும் காவல்துறை ஹெலிகாப்டர்களுக்கும், பால்டிமோரில் உள்ள விபத்துச் சிகிச்சை மையத்துக்கும், ஊர்தோறும் உள்ள தீயணைப்பு, மீட்புக் குழுக்களுக்கும், பணியாளர் பயிற்சிக்கும் அந்நிதி பங்கிடப்படுகிறது. சாலையில் வண்டி ஓட்டுவோர் ஒவ்வொருவரும், தமக்கோ பிறருக்கோ நேரக்கூடிய தீங்குக்கு முன்கூட்டியே எண்ணெய் வார்த்துவைக்கிறார்கள். நமது மொழியில் சொன்னால் அது நிவந்தம்.

நம்மிடம் இதற்கு வழியில்லை என்று சொல்ல இயலாது. ஒவ்வொரு வண்டிக்கும் பதிவுக் கட்டணம் உண்டு. சாலை வரி உண்டு. கட்டாயக் காப்பீடு உண்டு. நெடுஞ்சாலையில் சுங்கமும் உண்டு. அவற்றிலிருந்து ஒரு சிறு பங்கைச் சட்டத்தால் பிரித்து, நெடுஞ்சாலையோர அரசு மருத்துவமனைகளின் இரவுப் பணியிடங்களுக்கும் குருதிச் சேமிப்புக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று கட்டிவைத்தால் போதும். வேறு செலவுக்குத் திருப்ப இயலாதவாறு கட்டிவைப்பது முதன்மையானது. சோழர் காலத்தவர் இத்தகைய ஒதுக்கீட்டைக் கல்லில் வெட்டியதற்கு அழகுணர்ச்சி காரணமன்று. அடுத்து வருபவன் மாற்றிவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கையே காரணம்.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு 49 பேர். இந்தியா முழுவதும் அவ்வாண்டு இறந்தோர் 1,68,491. இவர்கள் எல்லோரையும் எந்த மருத்துவமனையும் காப்பாற்றியிருக்க இயலாது. சாலையிலேயே உயிர் பிரிந்தோர் பலர். தலைக்கவசமும் வேகக் கட்டுப்பாடும் நல்ல சாலையும் செய்ய வேண்டிய பணியை அறுவைக்கூடம் செய்துவிடாது. ஆனால் பெயர் சொல்லவும் வயிறு வலிக்கிறது என்று சொல்லவும் நினைவோடு இருந்தவர்களும் இவ்வெண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியே பேசுகிறோம்.

தேர்தல் வருகிறது, போகிறது. எத்தனை ஊர்திகள், எத்தனை லட்சம் ரூபாய் என்ற கணக்குகளை மேடைதோறும் கேட்கிறோம். அவையும் வேண்டியவையே. அவற்றோடு இன்னொரு கேள்வியை வாசக அன்பர்கள் தத்தம் ஊரில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விழைவு. கிராம சபையில் கேட்கலாம். சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதியும் கேட்கலாம். எங்கள் ஊரை ஒட்டிய நெடுஞ்சாலைக்கு மிக அருகில் உள்ள அரசு மருத்துவமனையில், இன்றிரவு இரண்டு மணிக்கு அறுவை மருத்துவர் இருக்கிறாரா? மயக்க மருந்து மருத்துவர் இருக்கிறாரா? குருதி எத்தனை அலகு இருக்கிறது? அப்பணியிடங்களில் எத்தனை காலியாக உள்ளன, எவ்வளவு காலமாக?

விடை ஒரே தாளில் அடங்கிவிடும். அந்தத் தாளைப் பெற்றுப் படித்தபின், நம் ஊரில் விளக்கு எரிகிறதா என்பது நமக்கே தெரிந்துவிடும்.